எழுநூற்று முப்பத்தாறு நாள் தவக்காலம்

"செக்... செக்... தவக்காலம், எழுநூத்தி அஞ்சாவது நாள்."

எதிலும் இணைக்காத மைக்கை இரண்டு விரலால் தட்டி, தொண்டையைச் செருமி, ஜொனி இப்படி அறிவித்து முடிக்கும்வரை அந்த வீட்டில் யாரும் ரொட்டியில் கைவைக்கக் கூடாது. மனைவி மேபல் தலையை நிமிர்த்துவதே இல்லை. மகள் தினுஷா அதற்குள் அரை ரொட்டியை விழுங்கியிருப்பாள். "இன்னைக்கு ஞாயித்துக்கிழமை. ஞாயித்துக்கிழமைன்னா முட்டை. ஆளுக்கு ஒன்னு. நன்றி, வணக்கம்" என்று முடித்து, மைக்கைத் துணியால் துடைத்துப் பெட்டிக்குள் வைத்த பிறகுதான் ஜொனி கதிரையில் உட்காருவார்.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைத் தாண்டி, ஆட்டோக்கள் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுகிற ஒரு சந்தின் உச்சியில் வாடகை வீடு. கேற்றில் 'ஜொனி சவுண்ட்ஸ்' என்று பலகை. ஆளுக்கு வயது நாற்பத்தெட்டு. கலியாண வீடு, செத்த வீடு, கோயில் திருநாள், டியூஷன் வகுப்பு என்று எங்கெல்லாம் மைக் தேவையோ அங்கெல்லாம் ஜொனியைக் காணலாம். எந்தக் குரலைக் கேட்டாலும் அதற்குப் புள்ளி போடாமல் அவரால் இருக்க முடியாது. பஸ் கண்டக்டர் "கண்டி, கண்டி" என்று கூவினால், "நல்ல தொண்டை, ட்ரெபிள்தான் கொஞ்சம் கூட" என்பார். ஒருமுறை நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்த டொக்டரிடம், "அதுல பேஸ் நல்லா கேக்குதுங்களா?" என்று விசாரித்துவிட்டார். டொக்டர் மூச்சை இழுத்து விடச் சொன்னார்.

வீட்டு ஹோலில் ஆளுயர அலுமாரி போல இரண்டு ஸ்பீக்கர்கள் நிற்கின்றன. ஒன்றின் தலையில் திருஇருதய சுரூபம், மற்றதன் தலையில் ரைஸ் குக்கர். இரண்டுக்கும் மேபல் பூப்போட்ட துணி தைத்துப் போர்த்தியிருக்கிறாள். இவற்றை வாங்கி முதன்முதலில் கொண்டுபோனது பிலிமத்தலாவையில் ஒரு கலியாணத்துக்கு. முதல் பாட்டிலேயே கேக்கின் மேல்மாடி சரிந்து விழுந்தது. மாப்பிள்ளையின் தாயார் ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு மறுகையால் ஆசீர்வாதம் செய்தார். பிறகு மண்டபத்திலே மின்சாரம் போய்விட்டது. "இத மைதானத்துக்குக் கொண்டு போங்க" என்று மண்டபத்துக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். அடுத்த கலியாணத்துக்கு யாராவது கூப்பிடுவதற்குள் கொரோனா வந்தது, அது போக பெற்றோல் வரிசை வந்தது. ஸ்பீக்கர்கள் வாய் திறக்கவேயில்லை. அவற்றுக்காக வாங்கிய கடன் மட்டும் மாதம் தவறாமல் பேசியது.

அந்தக் கடன் பிறந்த கதையை மேபல் யாருக்கும் சொல்வாள், கேட்காதவர்களுக்கும் சொல்வாள். மோட்டார் சைக்கிள் கடனின் கடைசித் தவணையைக் கட்ட ஜொனி கண்டி டவுனுக்குப் போன நாள் அது. அவள் பாயசம் காய்ச்சி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். "கடைசிக் காச கட்டப் போன மனுசன், புதுக் கடன் எடுத்துக்கிட்டுல்ல வந்து நிக்கிறாரு! கேட்டா, 'நல்ல கஸ்டமர்னு சொன்னாங்க மேபல்'ங்கிறாரு. நல்லவர்னு யாராச்சும் சொல்லிட்டா போதும், மனுசன் வீட்டையும் எழுதிக் குடுத்திருவாரு. நல்லவேளை, வீடு வாடகை வீடு."

ஊரெல்லாம் கடனில் முழுகி எழுந்த காலத்தில், இரண்டு தவணை விட்டுப்போய், லீசிங் கம்பனியிலிருந்து ஆள் வந்து கேற்றைத் தட்டிய பிறகுதான் ஜொனிக்கு உறைத்தது. அந்த வருடம், தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதன் காதலர் தினத்தன்று வந்திருந்தது. காலையில் கோயிலில் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்தவர், மனைவிக்குப் பரிசு ஒன்று இருப்பதாகச் சொன்னார். மேபல் ஆசையாகக் கையை நீட்டினாள். "இன்னையில இருந்து நம்ம வீட்டுல தவக்காலம். கடன் முடியிற வரைக்கும்" என்றார் ஜொனி. நாற்பது நாளில் முடிகிற விஷயம் என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். மிச்சமிருக்கும் தவணைகளை அவர் விரல்விட்டு எண்ண ஆரம்பித்ததும் பாவம், நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள்.

சட்டங்கள் எளிமையானவை. இறைச்சி கிடையாது. புது உடுப்பு கிடையாது. கேபிள் டீவி கிடையாது. கருவாடு மீன்சாதி என்பதால் அதற்கு அனுமதி உண்டு. இதில் ஜொனி தனக்கென்று ஒரு சின்ன ஓட்டை வைத்திருந்தது ஐந்தாம் மாதத்தில் வெளிப்பட்டது. கலியாண வீடுகளுக்கு மைக் கட்டப் போகிறவர், பந்தி முடியும்வரை வயர் சுருட்டாமல் இருப்பதை மகள் கண்டுபிடித்தாள். சட்டைப் பையில் கோழிக்கால் எலும்போடு பிடிபட்டபோது, "அது தொழில் செலவு" என்று சாதித்தார். அன்று முதல் கலியாண வீடுகளுக்குத் தினுஷாவும் வயர் சுருட்ட வருகிறாள். அவளுக்கும் ஒரு கோழிக்கால் தொழில் செலவாகக் கிடைக்கிறது.

முதல் வருடப் பாஸ்காவுக்கு, ஆண்டவர் உயிர்த்த திருநாளுக்கு, வீடு மந்திரிக்க வந்த பங்குத் தந்தை, சிலுவையில் தவக்காலத்து ஊதாத் துணி இன்னும் போர்த்தியிருப்பதைப் பார்த்துத் திகைத்துப்போனார்.

"ஜொனி, ஆண்டவரே மூணாம் நாள் எந்திரிச்சிட்டாரு."

"அவருக்கு லீசிங் இல்ல, ஃபாதர்."

ஃபாதர் தீர்த்தத்தை இரண்டு ஸ்பீக்கர்கள் மேலும் கொஞ்சம் தாராளமாகவே தெளித்துவிட்டுப் போனார்.

இந்தக் கூத்தெல்லாம் எதற்காக என்று கேட்டால் ஜொனியின் குரல் தணிந்துவிடும். தினுஷா உயர்தரப் பரீட்சை எழுதி முடித்திருக்கிறாள். இரத்தப் பரிசோதனைக்கூட வேலைக்குப் படிக்க ஆசை. பேராதனைப் பக்கம் அதற்கு வகுப்பு இருக்கிறது, மார்ச்சில் தொடங்குகிறது. மாதக் கட்டணம், ஜொனி லீசிங் கம்பனிக்குக் கட்டும் தவணையை விட இருநூறு ரூபாய்தான் குறைவு. கடன் பெப்ரவரியில் முடிந்தால் மார்ச்சில் அந்தப் பணம் அப்படியே மகளின் பக்கம் திரும்பும். "ஒரே வயரு. பிளக்க மட்டும் மாத்திக் குத்தணும்" என்பார். சொல்லும்போது கண் கலங்கும், மனுசன் ஒளிக்க மாட்டார். மேபலின் பயம் வேறு. பிளக்கைப் பிடுங்குவதற்குப் போகிற ஆள், மறுபடி 'நல்ல கஸ்டமர்' ஆகிவிட்டால் மகளின் படிப்பு அதோ கதிதான்.

தவத்தை முடிக்கும் விருந்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. பெப்ரவரி பதினெட்டு, கடைசித் தவணை நாள். காலையில் காசைக் கட்டிவிட்டு வந்தால் பகல் புரியாணி. விருந்தாளிகள் மடவளையில் கோழிக்கடை வைத்திருக்கும் ஹாஷிமும் அவர் மனைவி கைரியாவும். ஹாஷிம் சின்ன வயதுச் சிநேகிதர். கோழியும் அவர் கடைக்கோழிதான். சென்ற ஓகஸ்டிலேயே ஜொனி கூட்டுக்குள் கைகாட்டி ஒரு சேவலைத் தெரிவு செய்துவிட்டார். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எட்டிப்பார்த்து, "என்ன நானா, நம்மாளு எளைச்சிட்டான்?" என்று துக்கம் விசாரிப்பார். ஆறு வாரத்துக்கொரு முறை கூடு காலியாகிப் புதிய கோழிகள் வரும் என்பதைச் சொல்ல ஹாஷிமுக்கு மனம் வரவில்லை. "ஒங்கட கோழிக்கு ஒங்கட கவல" என்று சமாளித்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஜொனி நாள் பார்த்தது லீசிங் கம்பனி இலவசமாகக் கொடுத்த கலண்டரில். அதில் போயா என்கிற பௌர்ணமி நாட்களுக்கு மஞ்சள், வங்கி விடுமுறைக்குச் சிவப்பு, தவணை நாளுக்கு ஜொனியே போட்ட பச்சை வட்டம். கோயில் கலண்டரை அவர் எப்போதோ கழற்றிவிட்டார். வருடம் முழுக்கத் தவக்காலம் இருக்கிற வீட்டுக்கு அது எதற்கு?

பதினைந்தாம் திகதி ஞாயிறு. கோயிலில் ஜொனி வழக்கம்போல மிக்ஸருக்குப் பின்னால். பூசை முடிவில் ஃபாதர் அறிவித்தார்: "போன வருசத்துக் குருத்தோலைகளைக் கொண்டுவந்து தாங்க, எரிச்சுச் சாம்பலாக்கணும். வர்ற புதன், பதினெட்டாம் திகதி, விபூதிப் புதன். எல்லாரும் ஒருசந்தி இருக்கணும், ஒருநேரச் சாப்பாடுதான், மாமிசம் கூடாது."

ஜொனியின் கை மிக்ஸரில் எதையோ மேலே தள்ளியது. கோயில் முழுக்கக் கீச்சென்று ஒரு அலறல். குழந்தைகள் அழுதன. இருபது வருடத் தொழிலில் ஜொனியின் ஸ்பீக்கர் இப்படிக் கத்தியது அதுதான் முதல்தடவை. கத்தியது ஸ்பீக்கரா அவரா என்று மேபலுக்கு இன்றுவரை சந்தேகம்.

ஃபாதர் உடுப்பு மாற்றும் அறைக்குள் ஜொனி ஓடினார். "ஃபாதர், எங்களுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு? எழுநூத்திச் சொச்சம் நாள் இருந்திருக்கோம்."

"அப்ப இன்னொரு நாள் கஷ்டமா இருக்காதே, ஜொனி" என்றார் ஃபாதர், சிரிப்பை அங்கிக்குள் ஒளித்துக்கொண்டு.

சரி, வியாழக்கிழமைக்கு மாற்றலாம் என்று மூன்று பேரும் மடவளை பஸ் ஏறினார்கள். ஹாஷிம் தலையைச் சொறிந்தார். "வியாழன் ஏலாதே ஜொனி. புதன் அந்திக்குப் பிறை தெரிஞ்சா வியாழன் எங்களுக்குத் தலை நோன்பு."

"அப்ப வெள்ளி?"

"வெள்ளி நாம எறச்சி திங்க மாட்டோம்" என்றாள் மேபல்.

கூட்டுக்குள்ளிருந்த சேவல் ஒன்று கூவியது. நாலு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நாற்பது நாள் இவர்களுக்கு, முப்பது நாள் அவர்களுக்கு என்று தினுஷா விரல் மடக்கத் தொடங்கியதும் ஜொனிக்குத் தலை சுற்றியது. அவர் ஒரு கோழிப்பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார்.

உள்ளேயிருந்து கைரியா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வந்தாள். "என்னத்துக்கு இவ்வளவு கணக்கு? வியாழன் அந்திக்கு நோன்பு தொறக்க இங்க வாங்கொ. கஞ்சி நான் காச்சுறன், புரியாணியும் நானே ஆக்குறன். பொழுது பட்டா எங்களுக்கும் ஹலால், வியாழன்டா ஒங்களுக்கும் பாவமில்ல."

"பிறை தெரியலேன்னா?" என்றார் ஜொனி.

"தெரியாட்டி பகலைக்கே வாங்கொ."

ஆண்கள் இரண்டு பேரும் இதைத் தாங்கள்தான் யோசித்தது போலத் தலையாட்டினார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் மேபல் தன் நிபந்தனையைச் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை, அதனால்தான் ஜொனிக்குப் பயமாக இருந்தது. "புதன்கிழமை அங்க போய் திரும்பவும் ஏதாச்சும் எடுத்துக்கிட்டு வந்தீங்கன்னா, வியாழன் நானும் புள்ளையும் மட்டும் மடவளைக்குப் போவோம். நீங்க எழுநூத்தி முப்பத்தேழாவது நாள வாசிச்சிக்கிட்டு வீட்டுல இருங்க. அது பரவாயில்ல. புள்ள மார்ச்சில எங்க போவா, அத மட்டும் சொல்லுங்க." ஜொனி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

புதன்கிழமை, மணிக்கூட்டுக் கோபுரத்துக்குக் கிட்ட இருக்கும் லீசிங் கம்பனியின் மாடிக் கந்தோரில், நெற்றியில் சாம்பல் சிலுவையோடும் காலி வயிற்றோடும் ஜொனியும் தினுஷாவும் உட்கார்ந்திருந்தார்கள். மகளைக் காவலுக்கு அனுப்பியிருந்தாள் மேபல். ரவிகுமார் என்ற இளைஞன், கழுத்தில் டை, காசை எண்ணி வாங்கி, கடன் தீர்ந்த கடிதத்தில் முத்திரை குத்திக் கொடுத்தான். ஜொனி அதை இரண்டு முறை படித்துவிட்டு மகளிடம் நீட்டினார். அவள் மடித்துப் பைக்குள் வைத்தாள். எழுந்திருக்கலாம் என்று பார்த்தால், மேசை மேல் இன்னொரு தாள் வழுக்கிக்கொண்டு வந்தது. அதன் மேல் ஒரு பேனா. பக்கத்தில் ஒரு வண்ணப்படம்: ஒல்லியாக, கறுப்பாக, ஒரு கையால் தூக்கிவிடலாம் போன்ற புதிய ஸ்பீக்கர்கள்.

"சார் மாதிரி நல்ல கஸ்டமர் எங்களுக்கு இந்தப் பிராஞ்சுலயே பத்துப் பேர்தான் இருப்பாங்க. ஒங்களுக்கு எல்லாம் ரெடி பண்ணி வச்சிருக்கோம். போன தடவை எடுத்ததுல ரெண்டு மடங்கு. ஒரு கையெழுத்து, பின்னேரமே காசு" என்றான் ரவிகுமார்.

"இது எத்தன வாட்ஸ், தம்பி?" என்று கேட்டுவிட்டார் ஜொனி.

தினுஷா பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ரவிகுமாரின் முகம் மலர்ந்தது. வாட்ஸ் சொன்னான், எடை சொன்னான், மழையில் நனைந்தாலும் பழுதாகாது என்றான். ஜொனி கதிரையில் முன்னுக்கு நகர்ந்தார். அவருடைய வலது கை மேசை மேல் ஏறி, படத்தைத் தடவி, அங்கிருந்து மெல்லப் பேனாப் பக்கம் ஊர்ந்தது. அவர் அதை யாரோ ஒருவருடைய கையைப் பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு மகளின் நெற்றியைப் பார்த்தார். வியர்வையில் சாம்பல் கரைந்து அவள் மூக்குவரை இறங்கியிருந்தது.

ஜொனி கையை இழுத்தார். இடது கையையும் சேர்த்து எடுத்தார். இரண்டையும் தன் தொடைகளுக்கு அடியில் செருகி, அவற்றின் மேல் முழுப் பாரத்தையும் போட்டு அழுத்தி உட்கார்ந்துகொண்டு, "சொல்லுங்க தம்பி, நல்லா இருக்கு, சொல்லுங்க" என்றார்.