பெயர் சொல்லாத பிரசங்கம்

தையல்காரம்மா கல்யாணமான நாளிலிருந்து பெந்தெகொஸ்தே சபையின் பாடல் குழுவில் பாடிவந்தவர். அடித்து உதைத்த குடிகாரக் கணவர் இறந்த பிறகு, மனதை அரித்த ஒன்றைப் பாஸ்டரிடம் மட்டும் அழுதபடி சொன்னார்.

"அவர் போனதும் எனக்கு நிம்மதியா இருந்துச்சு, பாஸ்டர்."

பாஸ்டர் அவர் தலையில் கைவைத்து ஜெபித்து அனுப்பினார்.

அடுத்த ஞாயிறு, கல்நெஞ்சைப் பற்றிப் பிரசங்கம்.

"நம்ம சபையில துணி தைக்கிற ஒரு சகோதரி, புருஷன் செத்தது நிம்மதின்னு சொல்றாங்க!"

பெயரைச் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சபையில் துணி தைப்பவர் அவர் ஒருவர்தான். பக்கத்திலிருந்த நாத்தனார் எழுந்து வேறு வரிசைக்குப் போய்விட்டார்.

ஆராதனை முடிந்ததும் தையல்காரம்மா பாஸ்டரிடம் கேட்டார்.

"உங்களை நம்பித்தானே சொன்னேன்?"

"நாலு பேருக்குப் பிரயோஜனமா இருக்கட்டுமேன்னுதான், சிஸ்டர்."

அதன்பின் அவர் அங்கே போகவில்லை. மாதக்கணக்கில் யாரிடமும் முகம்கொடுத்துப் பேசவுமில்லை. ஒருநாள் கத்தோலிக்கக் கோயிலில், பாவங்களை ஃபாதரிடம் தனியாகச் சொல்லும் பாவசங்கீர்த்தனக் கூண்டின் முன் முழங்காலிட்டார்.

"ஃபாதர், நான் உங்க சபை இல்ல. இங்க சொல்றது வெளிய போகாதாமே?"

"போகாதும்மா. சொல்லுங்க."

தையல்காரம்மா வாயைத் திறந்தார். பின்னால் யாராவது கேட்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

"வேண்டாம் ஃபாதர். சும்மா கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போறேன்."

"இருங்கம்மா" என்றார் ஃபாதர்.