அண்ணன் அடித்த பன்னிரண்டு அடி

அண்ணன் போய் வருஷம் ஒன்று ஆகிறது. திதிக்கு வருகிறவர்கள் கையில் ஒரு நினைவு மலர் அச்சடித்துக் கொடுக்க வேண்டும், கூடப் பிறந்தவள் நீதான் அதில் முதலில் பேச வேண்டும் என்றார்கள். எனக்கு எழுதவும் தெரியாது, படிக்கவும் தெரியாது. பேசத் தெரியும், அதில் நான் குறை வைத்ததில்லை. வெற்றிலையைப் போட்டுக்கொண்டு நான் சொல்கிறேன், எதிரே உட்கார்ந்து என் மகன் எழுதுகிறான். என் கொச்சையை அவன் பள்ளிக்கூடத் தமிழாக மாற்றிவிடுவான். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்து திருவெறும்பூர் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவன். இப்போது எனக்குப் பேத்தி ஒன்று, பேரன் ஒன்று. அவன் பாஸ் செய்த கதைதான் அண்ணனின் கதை. அவருக்கென்று வேறு கதை கிடையாது.

முக்கொம்புக்கு மேற்கே காவிரிக் கரையில் பிறந்தோம். அப்பா குத்தகை நிலத்தில் வாழை போட்டார். ஒரு வெள்ளம் வாழையைக் கொண்டுபோனது, மறு வருஷம் காய்ச்சல் அப்பாவைக் கொண்டுபோனது. அண்ணன் மீசை முளைப்பதற்கு முன்பே காந்தி மார்க்கெட்டுக்கு வந்து வெங்காய மூட்டை தூக்கினார். வலது தோளில் எலுமிச்சம்பழம் போலக் காய்ப்பு. லால்குடிப் பக்கம் அவருக்கு ஒரு பெண் பார்த்தோம். நல்ல நிறம், நல்ல முடி. மாப்பிள்ளை மேல் வெங்காய வாசம் வீசுகிறது என்று சொல்லிவிட்டாள். உண்மைதான், வீசியது. அதற்குப் பிறகு அவர் பெண் பார்க்கவே வரவில்லை. என் வீட்டுக்காரர், மகன் தவழும்போதே போய்விட்டார். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்தேன். "வா பாப்பா" என்றார். ஏன் வந்தாய் என்று கடைசிவரை கேட்கவில்லை.

மகனை ஹைஸ்கூலில் சேர்க்க நானே போய்க் கைநாட்டு வைத்தேன். பள்ளிக்கூடத்தின் பெயர் வேண்டாம் என்கிறான். சரி. அங்கே ஹெட்மாஸ்டரைப் பெரிய சார் என்பார்கள். அவர் போட்ட சட்டங்கள் ஊருக்கே மனப்பாடம். முடி காதைத் தொட்டால் நாவிதரைக் கூப்பிட்டுப் பாதித் தலையை மட்டும் வெட்டி அனுப்புவார். மணி அடித்த பிறகு வந்தால் சரளைக் கல்லில் முட்டி போட வேண்டும். பிரேயரில் பேசினவன் மத்தியானம்வரை வாயில் சாக்பீஸைக் கடித்துக்கொண்டு நிற்க வேண்டும். எல்லாவற்றுக்கும் பெரியது ஒன்று உண்டு. பள்ளிக்கு மட்டம் போட்டு சினிமாவுக்கோ ஆற்றுக்கோ போனால், அவன் அப்பா வந்து, பிரேயர் மைதானத்தில் எல்லோர் முன்னாலும், தன் கையால் பன்னிரண்டு அடி அடிக்க வேண்டும். இல்லையென்றால் டி.சி.

"வாத்தியார் அடிச்சா பையன் அப்பன்கிட்ட போயிச் சொல்லுவான். அப்பனே அடிச்சா எங்க போவான்?" என்று கேட்பாராம். கெட்டிக்கார மனுஷன். எனக்கு இன்றைக்கும் அதை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

பையன்கள் மட்டும் கெட்டிக்காரர்கள் இல்லையா. ஒருநாள் ஸ்ரீரங்கத்துப் பையன் ஒருவன் மார்க்கெட்டில் அண்ணனைப் பிடித்துக்கொண்டான்.

"மாமா, தோப்பனார் வந்தா என்னைக் கொன்னே போட்டுடுவார். நீங்க அப்பாவா வரேளா?"

"நான் எப்படித் தம்பி ஐயங்கார் ஆவேன்?"

"நாமம் போட்டா ஆயிடலாம் மாமா."

நாமத்தை அவனே போட்டுவிட்டான். சட்டை போட்டால் பொருந்தாது என்று துண்டை மட்டும் போர்த்தி அழைத்துப் போனான். பெரிய சார் எழுந்து வணங்கினாராம்.

"ஸ்வாமிக்கு என்ன உத்யோகம்?"

"பெருமாள் கைங்கர்யம்" என்று பையன் சொல்லிக்கொடுத்ததை அண்ணன் சொன்னார்.

துண்டு நழுவியிருந்தது. பெரிய சார் தோளைப் பார்த்தார். "பெருமாளை நீங்க ஒருத்தரே தூக்கறேளா?" என்று கேட்டுவிட்டுப் பிரம்பைக் கையில் கொடுத்தார்.

அண்ணனுக்கு ஒரு வித்தை தெரியும். குனிந்து நிற்கிற பையனுக்குப் பின்னால் தன் இடது காலை ஒட்டி வைத்துக்கொள்வார். பிரம்பு அவருடைய வேட்டி மடிப்பில்தான் விழும். சத்தம் பெரிதாகக் கேட்கும், பையன் அலறுவான், ஊர் நம்பும். அன்றிலிருந்து அவருக்குப் பேர் பரவிவிட்டது. எட்டு, பத்துப் பிள்ளைகளுக்கு அப்பாவாகப் போய் வந்தார். காசு வாங்க மாட்டார். இரண்டு ஆமை வடையும் ஒரு காபியும் போதும். வீட்டுக்கு வந்து காலை நீட்டினால், தடிப்புத் தடிப்பாக இருக்கும். விளக்கெண்ணெய் தடவிக்கொண்டே நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். அவரும் சிரிப்பார். பக்கத்தில் படித்துக்கொண்டிருக்கும் என் மகன் மட்டும் சிரிக்க மாட்டான்.

அவனும் ஒருநாள் மாட்டினான். கடைசி வருஷம், பரீட்சைக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. முக்கொம்பில் மதகு திறக்கிறார்கள் என்று இரண்டு கூட்டாளிகளோடு போய்விட்டான். நான் பிறந்த பக்கத்துத் தண்ணீரைப் பார்க்க அப்படி என்ன ஆசையோ. சைக்கிளில் வந்த வாத்தியார் ஒருவர் பார்த்துவிட்டார். கூட்டாளிகளின் அப்பாக்கள் வந்து அடித்துவிட்டுப் போனார்கள். "அப்பன் இல்லாத பையன், மாமன் வரட்டும்" என்று எங்களுக்கு ஆள் வந்தது.

அந்த வருஷம் டி.சி. கொடுத்தால் பரீட்சை எழுத முடியாது. எழுதாவிட்டால் அவனுக்கும் வெங்காய மூட்டைதான். பஸ்ஸில் என்ன எழுதியிருக்கிறது என்று ஊரானைக் கேட்டுக் கேட்டு ஏறுகிறவள் நான். என் பிள்ளை யாரையும் கேட்கக் கூடாது என்பது ஒன்றுதான் எனக்கு.

நான் கேட்டுக்கு வெளியே நின்றேன். அண்ணன் ஹெட்மாஸ்டர் அறைக்குள் போனார். மகனை வராந்தாவில் நிற்க வைத்திருந்தார்கள். உள்ளே நடந்ததை அண்ணன் அன்று சாயங்காலம் எனக்குச் சொன்னார்.

"வாங்க ஸ்வாமி. நாமம் எங்க?" என்றாராம் பெரிய சார். "எத்தனை புள்ளைக்குய்யா நீ தகப்பன்?"

"இவனுக்கு மாமன்ங்க. இது நெசம்."

"பத்துப் பேரைக் காப்பாத்தின. அவங்கள்லாம் படிச்சு வெளிய போயிட்டாங்க. கையில இருக்கறது இவன் ஒருத்தன்தான்."

அண்ணன் காலில் விழுந்தார்.

"எந்திரி. காலைக் குறுக்க வைக்காம அடி. பன்னெண்டும் வேணாம். அவன் வாய்விட்டு அழுதா அந்த இடத்துலயே நிறுத்திக்கலாம். ஆனா இதை அவன்கிட்ட சொல்லக் கூடாது. சொன்னா டி.சி."

வெளியே வந்த அண்ணன் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று.

"பாப்பா, என்ன பண்ணட்டும்?"

"அடிங்கண்ணே. நல்லா அடிங்க. அவன் பாஸ் பண்ணட்டும்" என்றேன். யோசித்துத்தான் சொன்னேன்.

ஒவ்வோர் அடிக்கும் பள்ளிக்கூடமே சேர்ந்து எண்ண வேண்டும், அதுவும் இங்கிலீஷில். ஒன், டூ, த்ரீ என்று அத்தனை தொண்டையும் ஒன்றாகக் கத்தியது. எனக்கு இங்கிலீஷில் பன்னிரண்டுவரை எண்ணத் தெரியும். அன்றைக்கு அந்தக் கேட்டில் நின்று கற்றுக்கொண்டதுதான். பேத்திக்குக்கூட நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

சாயங்காலம் அண்ணன் சோறு வேண்டாம் என்றார். "அவன் அழணும்னுதான் ஓங்கி ஓங்கி அடிச்சேன் பாப்பா. ஒரு சத்தம் போட்டிருந்தா நிறுத்தியிருப்பேன். பல்லைக் கடிச்சுட்டு நிக்கறான். கடைசி நாலு அடிக்கு எனக்குக் கையே வரல. அவன்கிட்ட சொல்லிடட்டுமா?"

"சொல்லாதீங்க" என்றேன்.

ஏன் என்று கேட்பீர்கள். அன்று ராத்திரியே அவன் புத்தகத்தை எடுத்தான். உட்கார முடியாமல் நின்றுகொண்டே படித்தான். மாமன் மேல் இருந்த கோபம் அப்படிப் படிக்க வைத்தது. நல்ல கோபம், எதற்கு அதை அணைக்க வேண்டும். பாஸ் செய்தான். சொல்லிடட்டுமா என்று அண்ணன் மறுபடி கேட்டார். வேலை கிடைக்கட்டும் என்றேன். வேலை கிடைத்ததும், கல்யாணம் ஆகட்டும் என்றேன். அப்புறம் அவரே, "இனிமே சொன்னா மன்னிப்புக் கேக்கற மாதிரி ஆயிடும், விடு" என்றுவிட்டார்.

அந்த அடிக்குப் பிறகு மாமனும் மருமகனும் ஒரே வீட்டில் இருந்தும் ஒரு வார்த்தை பேசியதில்லை. மாமன் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே, "மாமாவைச் சாப்பிட வரச் சொல்லும்மா" என்பான். நான் திரும்பி, "அண்ணே, சாப்பிட வாங்க" என்பேன். அவர், "வரேன்னு சொல்லு" என்பார். நாடகக் கொட்டகை தோற்றுப்போகும். அண்ணன் நெஞ்சுச் சளியில் பெரியாஸ்பத்திரியில் கிடந்தபோது மகன் வேலை முடிந்து தினமும் வந்தான். கஞ்சி ஊட்டினான், வாயைத் துடைத்தான், பேசவில்லை. ஒரு மத்தியானம் அண்ணன் போய்விட்டார். கொள்ளி வைத்ததும் இவன்தான்.

இதோ, பேனா நிற்கிறது. பெரிய சார் உள்ளே சொன்னதை நான் சொன்ன இடத்திலேயே ஒரு தரம் நின்றது.

"இத்தனை வருஷம் ஏம்மா சொல்லல?" என்கிறான்.

"சொல்லியிருந்தா நீ படிச்சிருக்க மாட்ட."

குனிந்து மறுபடி எழுதுகிறான். நான் செய்தது சரி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அதற்காக நான் அழப்போவதில்லை. இந்த வீட்டில் அழாமல் இருப்பது எல்லோருக்கும் வருகிறது.

இனி நன்றி சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கும், வீட்டிலிருந்து சுடுகாட்டுக்கும் அண்ணனைத் தூக்கி வந்த மார்க்கெட் ஆட்களுக்கு நன்றி. வெங்காய மூட்டையைவிட லேசாக இருந்தார் என்று ஒருவர் சொன்னார், அவருக்கும் நன்றி. அந்த ஸ்ரீரங்கத்துப் பையன் இன்றைக்கு வக்கீல். அச்சாபீஸ் ஏற்பாடு அவருடையது. நாமம் போட்டு அனுப்பிய கைக்கு நன்றி. பெரிய சாரும் காலமாகிவிட்டார் என்கிறார்கள். அங்கே அண்ணனைப் பார்த்தால் அடையாளம் தெரிந்துகொள்வார். போதும், முடித்துவிடு என்று மகனிடம் சொல்லிவிட்டேன்.

இதற்குக் கீழே இருப்பது அம்மா சொன்னது அல்ல. யாரும் அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டாம். அன்று வராந்தாவில் நான் ஜன்னலை ஒட்டித்தான் நின்றேன். அழுதால் நிறுத்தலாம் என்று பெரிய சார் சொன்னது எனக்குக் கேட்டது. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் குறுக்கே கால் வைத்த மாமா, என்னை எவ்வளவு தூரம் அடிப்பார் என்று பார்க்க வேண்டும் போலிருந்தது. ஒன்பதாவது அடியில் அழுதது அவர்தான். பின்னாலிருந்து கேட்டது. அப்போதும் நான் அழவில்லை.