அட்டை டெலிபோனுக்குப் பின்னால்

கனகசுந்தரத்தின் வயிற்றெரிச்சலுக்குத் தேதி உண்டு. டிசைன் செக்ஷனில் ஜெயலெட்சுமிக்கு மேசை போட்ட நாள் அது. அதுவும் ஜன்னலோரமாக. மலாய் நாட்டுப் பாயான் லெப்பாசில் அந்த எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைக்குப் பன்னிரண்டு வருஷம் உழைத்தவர் அவர். ரேடியோவோ டெலிபோனோ, முகப்பில் எந்தப் பட்டன் எங்கே இருக்க வேண்டும், அதை அழுத்தினால் என்ன நடக்க வேண்டும் என்று வரைந்து கொடுப்பது அவர் வேலை. அவருக்கு இன்னும் கழிவறைப் பக்கத்து மேசைதான்.

அவள் சுங்கை பாக்காப் பக்கத்து ரப்பர் தோட்டத்துப் பெண். விடியுமுன் பஸ் ஏறி வந்து, எட்டு வருஷம் லைனில் உட்கார்ந்து பாகம் பொருத்தியவள். மாலை வகுப்பில் ஒரு சர்டிபிகேட் வாங்கியதும் மேலே ஏற்றிவிட்டார்கள். அப்பா ரயில்வேயில் பேனா பிடித்த கிராணி, தாத்தாவும் கிராணி என்று வந்த கனகசுந்தரத்துக்கு இது செரிக்கவில்லை. "லைன் பிள்ளைக்கு டிசைன் என்னலா தெரியும்?" என்று போவோர் வருவோரிடமெல்லாம் கேட்டார். அவளுக்குத் தெரியும் என்பதுதான் அவருடைய சங்கடமே. தெரியாதவளாக இருந்தால் அவர் நிம்மதியாகச் சோறு தின்றிருப்பார்.

தொண்ணூற்றொன்றில் கம்பெனி ஒரு புது டெலிபோன் செய்ய நினைத்தது. வீட்டில் ஆள் இல்லாதபோது வந்த பேச்சைப் பதிந்து வைக்கும் டெலிபோன். மேலே ஒரு வரி மட்டும் காட்டும் சின்னத் திரை. இருவரும் ஆளுக்கொரு டிசைன் போடட்டும், ஜெயித்தவர் ஆறு மாதம் ஜப்பானில் பயிற்சிக்குப் போகட்டும் என்றார் மேனேஜர் ராமதாஸ். அன்று மாலையே கெலுகோர் வீட்டில் கனகசுந்தரத்தின் மனைவி கனகேஸ்வரி கம்பளிச் சட்டை வாங்கி வைத்துவிட்டாள்.

"இஞ்சருங்கோ, அங்க குளிருமாம். போட்டுப் பாருங்கோ."

புழுக்கத்தில் வேர்க்க வேர்க்கப் போட்டுப் பார்த்தார். சொந்தக்காரர்களுக்கெல்லாம் அவள் சொல்லி முடித்திருந்தாள்.

சோதனை இப்படி நடக்கும். அட்டையில் டெலிபோன் செய்து, பட்டன்களை வரைந்து, திரை இருக்கும் இடத்தை வெட்டி எடுத்துவிடுவார்கள். அட்டைக்குப் பின்னால் ஓர் ஆள் உட்கார்ந்திருப்பார். முன்னால் இருப்பவர் பட்டனை அழுத்தினால், அதற்குரிய சீட்டை அந்த ஓட்டையில் அவர் காட்ட வேண்டும். அந்த ஆளுக்குச் செக்ஷனில் பெயரே மெஷின்தான். வரைந்தவரே மெஷினாக உட்கார்ந்தால் கை தானாக உதவி செய்துவிடும். அதனால் கனகசுந்தரத்தின் டிசைனுக்கு ஜெயலெட்சுமி மெஷின், அவளுடையதற்கு அவர் மெஷின் என்று ராமதாஸ் முடிவு செய்தார். அழுத்திப் பார்க்கக் கேன்டீன் கல்லாவில் பட்டன் தட்டிப் பில் போடும் ஆசியா பீவியைக் கூப்பிட்டார்கள்.

அவருடைய டிசைனில் இருபத்தொரு பட்டன், நாற்பத்தாறு சீட்டு. ஆசியா பீவி இரண்டு இடத்தில் தப்பாக அழுத்தினாள். ஆனால் சீட்டு சட்டென்று வந்து நின்றதால் தப்பு உடனே தெரிந்து, திருத்திக்கொண்டாள். நான்கு நிமிஷத்தில் முடித்தாள்.

ஜெயலெட்சுமியின் டிசைனில் நாலே பட்டன், பதினொரு சீட்டு. அடுத்து எதை அழுத்த வேண்டும் என்று திரையே சொல்லும். கனகசுந்தரம் பின்னால் உட்கார்ந்து சீட்டுகளைப் புரட்டியதுமே அது எவ்வளவு நல்ல டிசைன் என்று அவருக்கு விளங்கிவிட்டது.

ஆசியா பீவி அழுத்தினாள். அவர் மனதுக்குள் மூன்று எண்ணினார். ஒன்றும் வராததால் அவள் மறுபடி அழுத்தினாள். இரண்டு தரம் அழுத்தினால் இரண்டு அழுத்தல்தானே, மெஷினுக்கு என்ன தெரியும் என்று தனக்குத் தானே நியாயம் சொல்லிக்கொண்டு, ஒரு சீட்டைத் தாண்டி அடுத்ததைக் காட்டினார். அவள் குழம்பினாள். அவர் மறுபடியும் அதையே செய்தார். ஆறாவது நிமிஷத்தில் அவள் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"மன்னிச்சிருங்க சார். எனக்குப் படிப்பு இல்ல. நான்தான் கெடுத்துட்டேன்."

கனகசுந்தரம் ஜெயித்தார். ஜப்பானுக்குத் திங்கட்கிழமை பெயர் அனுப்புவதாக ராமதாஸ் சொன்னார்.

வெள்ளிக்கிழமை கேன்டீனில் கல்லாவில் வேறொருத்தி இருந்தாள். பட்டன் உள்ள எதுவும் தனக்கு வேண்டாம், தொட்டால் கெட்டுப்போகும் என்று ஆசியா பீவியே கேட்டு, பாத்திரம் கழுவும் இடத்துக்கு மாறிவிட்டாளாம். கனகசுந்தரம் கோப்பியைத் தள்ளி வைத்தார். அந்த நேரம் பார்த்து ஜெயலெட்சுமி எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"சந்தோஷம்ணே. உங்க நாப்பத்தாறு சீட்டு இருக்கே, அதுக்குத்தான் பயந்தேன். பஸ்ல வர்றப்பவும் போறப்பவும் எடுத்து எடுத்துப் பழகினேன்லா."

"ஏன்?"

"நான் தடுமாறினா உங்க டிசைன் தடுமாறுதுன்னு எழுதிருவாங்கல்ல?" கொஞ்சம் தயங்கினாள். "அன்னிக்கு ஏர்கான் தண்ணி பட்டு என்னோட சீட்டு ஒட்டிக்கிச்சோண்ணே?"

அவள் குரலில் குத்தல் இல்லை. குத்தியிருந்தால் அவர் பிழைத்திருப்பார்.

"ஆமா, ஒட்டிக்கிச்சு" என்றார்.

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். தன்னைக் காப்பாற்றப் பொய்யையும் அவளே எடுத்துக் கொடுத்துவிட்டுப் போகிறாளே என்று அவருக்குப் பற்றி எரிந்தது. டிசைனில்தான் மேலே என்றால், மனுஷத்தனத்திலுமா? அந்தப் பக்கம் ஆசியா பீவி முதுகைக் காட்டிக்கொண்டு தட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். பெருந்தன்மையினால் எழுந்தார் என்று நான் சொல்ல மாட்டேன். இதிலும் அவளிடம் தோற்க முடியாது என்ற பொறாமைதான் அவரை ராமதாஸின் அறை வரை நடத்திக்கொண்டு போனது.

"சார், அன்னிக்கு மெஷின் பழுது."

"எந்த மெஷின்?"

"நான்தான் சார். வேணும்னுதான் லேட்டா காட்டினேன்."

ராமதாஸ் காலண்டரை எடுத்துப் பார்த்தார். திட்டவில்லை. "திங்கக்கிழமை ஜெயலெட்சுமி டிசைனுக்குத் திரும்ப டெஸ்ட் வைக்கிறேன். நீங்கதான் மெஷினா உட்காரணும்" என்றார்.

திங்கட்கிழமை ஆசியா பீவியை அழைத்து வருவதே பெரும்பாடாகிவிட்டது. ஈரக் கையைத் துடைத்துத் துடைத்து, விரலை நீட்டிப் பயந்து பயந்து அழுத்தினாள். அந்தக் கணமே சீட்டு வந்தது. அழுத்தினாள், வந்தது. எந்தப் பட்டனுக்கு எந்தச் சீட்டு என்ற குறிப்பைக் கனகசுந்தரம் பார்க்கவேயில்லை; அடுத்தது எது என்று அவர் கைக்கே தெரிந்திருந்தது. நல்ல டிசைன் அப்படித்தான் இருக்கும், அது அவருக்கு இல்லாமல் வேறு யாருக்குத் தெரியும்? பத்தாவது சீட்டு வரைக்கும் ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

பதினொன்றாவது சீட்டை எடுத்தார். ஜெயலெட்சுமியின் கையெழுத்தில் மலாயில் நன்றி சொல்லும் சீட்டு. இதைக் காட்டினால் ஜப்பான் கைநழுவிப் போய்விடும். காட்டினார்.

"தெரிமா காசே" என்று ஆசியா பீவி எழுத்துக்கூட்டி வாசித்தாள். பிறகு முகமெல்லாம் மலர, அந்த அட்டையைப் பார்த்தே "சாமா சாமா" என்று பதில் மரியாதை செய்தாள். எல்லோரும் சிரித்தார்கள். ஜெயலெட்சுமியும்தான்.

கனகசுந்தரம் அட்டைக்குப் பின்னாலிருந்து உடனே எழுந்து வரவில்லை. சீட்டுகளை வரிசையாக அடுக்கினார். இந்த டிசைன் தன்னுடையதாக இருந்திருக்கக் கூடாதா என்றுதான் அப்போதும் நினைத்துக்கொண்டிருந்தார்.