இரவல் கார்டியன்

என் தம்பி பள்ளிப் படிப்பின் கடைசியில் வரும் என்ட்ரன்ஸ் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த வருஷம் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு சீட்டு வந்தது. கார்டியன் நேரில் வந்து ஹெட்மாஸ்டரைப் பார்க்க வேண்டும் என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. தம்பிதான் வாசித்து அர்த்தம் சொன்னான்.

கார்டியன் நான்தான். அப்பாவும் அம்மாவும் போன பிறகு அவனுக்கு நான் மட்டும்தான். நான் ஊரில் நாலாம் வகுப்போடு நின்றவன். கல்கத்தாவில் ஒரு கம்பெனி ஆபீஸில் தப்தரி வேலை பார்த்தேன். காகிதக் கட்டுகளைத் தைக்க வேண்டும், பெரிய புத்தகங்களுக்கு அட்டை ஒட்ட வேண்டும். ஊசியும் பசையும் இருந்தால் காலையிலிருந்து மாலைவரை யாரோடும் பேசாமல் இருந்துவிடலாம். அந்த வேலை எனக்குப் பிடித்ததே அதனால்தான். கோட்டுப் போட்ட ஆள் எதிரே வந்தால் என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

வந்தது நல்ல சேதிதான். யாரோ ஒரு ஜமீன்தார் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு தர்மம் வைத்துவிட்டுப் போயிருந்தார். வருஷத்துக்கு ஒரு பையனுக்குக் காலேஜில் சம்பளம் கட்டாமல் படிப்பு, பக்கத்திலேயே சாப்பாடு, படுக்கை. யாருக்கு என்பதை ஹெட்மாஸ்டரே தீர்மானிப்பார். அந்த வருஷம் என் தம்பியை நினைத்திருந்தார்.

"ஆத்து நிலைமையைக் கேக்கத்தான் கூப்பிடறார், அண்ணா. காலேஜ் செலவு எங்களால முடியாதுன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போறும்" என்றான் தம்பி.

சுவரில் ஒரு தாள் ஒட்டி வைத்திருந்தான். நான் ஆபீஸிலிருந்து கொண்டுவந்த கழிவுத் தாள். மேலே என்ட்ரன்ஸ், அதன் கீழே காலேஜில் இரண்டு வருஷம் எஃப்.ஏ., அதன் கீழே டாக்டர் படிப்பு. நடுவில் அம்புக்குறிகள். எந்த மாதம் எந்தப் புத்தகத்தை யாரிடம் இரவல் வாங்குவது என்பது வரை ஓரத்தில் எழுதியிருந்தான்.

நாங்கள் குடியிருந்த வீட்டின் மாடியில் ஒரு மாமா இருந்தார். வேறொரு கம்பெனியில் பெரிய உத்தியோகம். கறுப்புக் கோட்டு, சரிகைத் தலைப்பாகை, வெள்ளிப் பூண் போட்ட கைத்தடி. ஆஸ்பத்திரியோ கோர்ட்டோ பள்ளிக்கூடமோ, பேச வேண்டிய இடத்துக்கு இப்படி ஒரு பெரிய மனிதரை அழைத்துப்போவது அப்போது எங்களவர்களிடம் வழக்கம். நான் ஒரு படி மேலே போனேன். எனக்குப் பதிலாக அவரையே போகச் சொல்லிக் கேட்டேன்.

"அதுக்கென்ன? பெரியப்பான்னு சொல்லிக்கறேன்" என்றார் மாமா. "நீ வாசல்லயே நில்லு. உள்ள வந்தா உன் மூஞ்சியே காட்டிக்கொடுத்துடும்."

நான் பள்ளிக்கூட வாசலில், பொரிக்காரன் கூடைக்குப் பக்கத்தில் நின்றேன். தம்பியும் மாமாவும் உள்ளே போனார்கள். கால் மணி நேரத்தில் மாமா கைத்தடியைச் சுழற்றிக்கொண்டு வெளியே வந்தார்.

"நம்ம மானத்தைக் காப்பாத்திட்டேண்டா! தர்மச் சோறு தின்னு படிக்கற அளவுக்கு மதராஸிகள் தாழ்ந்துடலை, எங்க பையனை நாங்க பாத்துப்போம், அந்த இடத்தை ஏழைப் பையன் எவனுக்காவது கொடுங்கோன்னு இங்கிலீஷ்ல போட்டேன் பாரு, மனுஷன் எழுந்து நின்னு கை குடுத்தார்!"

நான் கைகூப்பி, "ரொம்ப உபகாரம், மாமா" என்றேன்.

அவர் வண்டி பிடித்துப் போய்விட்டார். நாங்கள் இருவரும் நடந்தோம். தம்பி எனக்கு முன்னால் போனான். பிறகு நின்றான்.

"எதுக்கு உபகாரம்னேள்?"

"நீ உள்ளேயே சொல்லியிருக்கப்படாதா?"

"என்னன்னு சொல்றது? இவர் என் பெரியப்பாவே இல்லைன்னா?"

அவனே சொன்னான்: "நாளைக்கு நீங்க போங்கோ, அண்ணா. இங்கிலீஷ் வேண்டாம். காய்கறிக்காரியோட சண்டை போடற பெங்காலி போறும்."

மறுநாள் அரை நாள் லீவு கேட்டுக்கொண்டு போனேன். ஹெட்மாஸ்டர் தாழ்வாரத்தில் கை கழுவிக்கொண்டிருந்தார். மெலிந்த உடம்பு, சாதுவான முகம். "காகே சான்?" என்றார். யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்கிறார். மதராஸிப் பையன் வீட்டிலிருந்து வருகிறேன் என்றேன். அவர் என் வெறுங்காலையும் பசை காய்ந்த விரல்களையும் பார்த்தார்.

"நேற்று வந்த பாபு வீட்டு வேலைக்காரனா?" என்று கேட்டார்.

இல்லை, நான் அவன் அண்ணன். இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. வருகிற வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வார்த்தைகள் அவை. நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

அவர் மெதுவாக, எனக்கு விளங்கும்படியாகப் பேசினார். உன் பாபுவின் ரோஷத்தை நான் மதிக்கிறேன். ஆனால் பையன் நல்ல பையன். சனிக்கிழமை வரை அந்த இடத்தை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறேன். கார்டியன் இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதும். போய்ச் சொல்.

போய்ச் சொன்னேன். மாமா சாய்வு நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை. "சொன்ன சொல்லை முழுங்கிண்டு பிச்சைக்கு எழுதச் சொல்றியா? காலேஜெல்லாம் எதுக்குடா? கிடர்பூர்ல கப்பல் நிக்கற டாக்ல எனக்குத் தெரிஞ்ச துரை இருக்கான். பையன் பாஸ் பண்ணட்டும், அன்னிக்கே வேலை" என்றார். பொய் சொல்லவில்லை. அதுதான் அவருக்குத் தெரிந்த உதவி.

கீழே தம்பி அந்த இரண்டு வரியைத் தானே எழுதித் தயாராக வைத்திருந்தான். பேனாவை என்னிடம் நீட்டினான்.

"அவர் வேண்டாம். தமிழ்லயே போடுங்கோ. நீங்கதானே கார்டியன்?"

"நான் வேலைக்காரன்னு சொல்லிட்டேண்டா."

அவனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் என்னை ஒரு பார்வை பார்த்தான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கடிதத்தை நாலாக மடித்துப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டான். சனிக்கிழமை வந்தது, போனது. இந்த விஷயத்தை அவன் மறுபடி எடுக்கவே இல்லை.

பரீட்சையில் நன்றாகவே தேறினான். மாமா சொன்னபடி டாக்கில் வேலையும் கிடைத்தது. கப்பலில் ஏறும் சணல் மூட்டைகளைப் பார்த்துக் குறிக்கிற வேலை. சுவரில் இருந்த தாளை அவன் கிழிக்கவில்லை. தினமும் அதைப் பார்க்க முடியாமல் நான்தான் உரித்தெடுத்தேன். ஆபீஸுக்குக் கொண்டுபோய் ஒரு புத்தகத்தின் அட்டைக்குள் வைத்து ஒட்டிவிட்டேன். எந்தப் புத்தகம் என்று இப்போது எனக்கே தெரியாது.

இப்போது எங்களவர்கள் சேர்ந்து, படிக்கும் பிள்ளைகளுக்கு உதவ ஒரு சபை வைத்திருக்கிறார்கள். புத்தகம் தருகிறார்கள், எந்தப் படிப்புக்கு என்ன வழி என்று யோசனை சொல்கிறார்கள். தலைவர் அந்த மாமாதான். தாடை தளர்ந்துவிட்டது, குரல் மட்டும் அப்படியே இருக்கிறது. வருஷா வருஷம் மேடையில், "கேட்டாத்தானே கிடைக்கும்? நம்மவா வாயைத் திறக்கறதே இல்லை" என்று வருத்தப்படுவார். எல்லோரும் கைதட்டுவார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்து நானும் தட்டியிருக்கிறேன்.

போன வாரம் தம்பி பையனின் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு சீட்டு வந்தது. தகப்பனார் வந்து ஹெட்மாஸ்டரைப் பார்க்க வேண்டுமாம். தம்பி டாக்கிலிருந்து நேரே வீட்டுக்கு வந்து பையனைக் கூப்பிட்டான். சட்டையெல்லாம் சணல் தும்பு.

"இப்படியேவா போறேள்? அந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுண்டு போங்கோளேன்" என்றாள் அவன் மனைவி.

"இப்படியேதான்."

"நானும் வரட்டுமாடா?" என்று கேட்டேன். எந்தத் தைரியத்தில் கேட்டேனோ.

அவன் செருப்பை மாட்டிக்கொண்டே, "வேண்டாம், அண்ணா. நீங்க ஆத்துலயே இருங்கோ" என்றான். குரலில் கோபமே இல்லை. பையனின் கையைப் பிடித்துக்கொண்டு போனான். நான் வாசல் வரை வந்து நின்றேன்.