தோற்றவரின் பாலாடைக்கட்டி

கொதிக்கும் நீரைத் துணிப்பையிலுள்ள காப்பித்தூள்மேல் ஊற்றும்போதே ஒடீலி அக்காவின் முகம் வேலிப் பக்கம் திரும்பிவிடும். "ஷ்ஷ்... மூச்சு விடாதீங்க" என்பார், தினமும் அங்கே காலைச் சாப்பாட்டுக்குப் போய் வணக்கம் சொல்ல வாயெடுக்கும் என்னிடம்.

எங்கள் எரேடியா ஊரில் முற்றத்தில் சருகு கிடந்தால் வீட்டுக்காரியின் மானம் போய்விடும். அக்காவும் பெருக்குவார், வேலியடியை மட்டும் தொடமாட்டார். சாடை பேசிய எதிர்வீட்டுக்காரிக்குக் கிடைத்த பதில்: "சருகை அள்ளிட்டா குருவிங்க எதைக் கிளறும், ஒன் தலையையா?"

அந்தத் தரைக்குருவிகளில் இரண்டு வகை; நெருங்கிய சொந்தக்காரர்கள். வெள்ளைக்காது சற்றே பெரியது, கழுத்தோரம் மஞ்சள். காப்பிக்குருவிக்குச் செந்தலை, கறுப்பு மீசை. இரண்டும் புதரைவிட்டு லேசில் வெளியே வராது, பாட்டை வைத்துத்தான் சொல்ல வேண்டும். இரண்டுமே ஜோடியாகத்தான் பாடும். வெள்ளைக்காது ஜோடி சந்தைச் சண்டை போலப் படபடக்கும். காப்பிக்குருவிகளுக்கு மெல்லிய, கீச்சென்ற ஊசிக்குரல்.

பாடுவது எது என்று முதலில் சொல்பவருக்கு வெற்றி. தோற்றவர் தன் தட்டிலுள்ள பாலாடைக்கட்டியைக் கொடுத்துவிட வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அக்காவுக்கும் கணவர் எலாடியோவுக்கும் இதுதான் பந்தயம்.

எலாடியோவுக்கு இப்போது ஊசிக்குரல் கேட்பதில்லை. இனி கேட்காது என்று டாக்டர் சொன்ன அன்று மனிதர் சாப்பிடவே இல்லை. மறுநாளிலிருந்து அக்காவின் கை மேசையில் அவர் கைமேல் இருக்கிறது. காப்பிக்குருவி பாடினால் அக்காவின் விரல் லேசாக அழுத்தும்.

"காப்பிக்குருவி!" என்று கத்துவார் எலாடியோ.

"பாவி மனுஷா, பாம்புச் செவிய்யா ஒனக்கு!" என்று அங்கலாய்ப்பார் அக்கா.

அந்த விரலைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டதே இல்லை. இந்த அக்காவை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

போன மாதம் பக்கத்து நிலத்துக்காரர் வீடு கட்டுவதற்காகப் புதரை வெட்டிவிட்டார். காப்பிக்குருவிகள் போய்விட்டன. "அதுங்க இன்னும் இருக்குல்ல?" என்று எலாடியோ என்னிடம் கேட்டார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இன்று காலை வேலியில் சத்தமே இல்லை. அக்காவின் விரல் அழுந்தியது.

"காப்பிக்குருவி!" எலாடியோவின் முகமெல்லாம் பல். என் பக்கம் திரும்பினார். "ஒங்களுக்கும் கேட்டுச்சா?"

"நல்லாவே கேட்டுச்சு அண்ணே."

அக்கா தன் பாலாடைக்கட்டியை இரண்டாகப் பிய்த்தார். ஒன்றை அவர் தட்டில் வைத்தார். மற்றதை, நிமிர்ந்து பார்க்காமல், என் தட்டில் வைத்தார்.