சம்பந்தம் பேசப் போய் போக்கர் பார்த்த கதை

போன மார்ச்சில் பன்னிரண்டு நாள் நியூசிலாந்தின் ஆக்லாந்து போய் வந்தேன். திருச்சியிலிருந்து சிங்கப்பூர் வழியாகப் போக வர டிக்கெட் 92,400 ரூபாய். ஊர் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. அங்கே இருக்கிற என் தம்பி கார்த்திக்குக் கல்யாணம் பேசத்தான் போனேன். நான்கு வருடம் முன்பு கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டான். இப்போது போக்கர் ஆடுவதுதான் தொழில். அவனும் மருந்தாளரான வித்யாவும் விரும்புகிறார்கள். அவள் அப்பா சிவநேசன் அண்ணா யாழ்ப்பாணத்துக்காரர். அவர் சம்மதம்தான் பாக்கி.

ஆக்லாந்தின் புறநகரான பாட்டனி டவுன்ஸில் அவர்கள் வீட்டுக்கு நான் மட்டும் போனேன். தம்பிக்கு அன்று ஆட்டம்.

"தம்பி என்ன வேலை எண்டு விளக்கமாச் சொல்லுங்கோ தங்கச்சி" என்றார்.

"சீட்டுதாண்ணா" என்றேன். 'ஆட்டம்' என்று சேர்த்துச் சொல்ல நாக்கு கூசியது.

"ஓ, நாங்களும் சீட்டுப் பிடிக்கிறனாங்கள். எத்தினை பேர்?"

"மேசைக்கு ஒன்பது பேர்."

"அப்ப ஒன்பது மாசத்தில முடிஞ்சிடும்."

"இல்லண்ணா, ஒரே நாள்ல முடிஞ்சிடும்."

அவர் முகம் மாறியது. அவர் நினைத்தது மாதாமாதம் காசு கட்டுகிற சீட்டு. வித்யாதான் அடுப்படியிலிருந்து வந்து, "அப்பா, அவ சொல்றது கடதாசி விளையாட்டு. போக்கர்" என்றாள்.

அவர் டீக் கோப்பையைக் கீழே வைத்தார். "படத்தில பாத்திருக்கிறன். கடைசிக் கையில வீட்டையும் வச்சு ஆடுவாங்கள். நேரில பாக்காமல் நான் ஒண்டும் கதைக்கமாட்டன்."

அதனால் சனிக்கிழமை காலை 10.15-க்கு அவர் காரிலேயே கிளம்பினோம். மவுண்ட் வெல்லிங்டன் வழியாக நகர மையம் இருபது கிலோமீட்டர் சொச்சம், முப்பத்தைந்து நிமிடம். பார்க்கிங் 22 டாலர். நான் நீட்டியும் அவர் வாங்கவில்லை. தம்பி ஆடுகிற கேசினோ வாசலில் செருப்பைச் சரிசெய்கிற சாக்கில் குனிந்து, முருகா என்று ஒரு தரம் சொல்லிக்கொண்டுதான் நுழைந்தேன்.

ஆட்ட மேசைகளைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு வெளியே நின்று பார்க்கலாம், கட்டணம் இல்லை. சினிமாவில் வருகிற மாதிரி இசையும் இல்லை, சிகரெட் புகையும் இல்லை. பரீட்சை எழுதுகிறவர்கள் போல உட்கார்ந்திருந்தார்கள். எனக்குச் சும்மா நிற்க வராது, குறித்துக்கொண்டே வந்தேன். இரண்டு மணி நேரத்தில் 52 ஆட்டம். அதில் 43 தடவை தம்பி கார்டைத் தள்ளிவிட்டுச் சும்மா இருந்தான்.

"இவர் எப்ப தங்கச்சி விளையாடுவார்?" என்றார் அண்ணா.

"சும்மா இருக்கிறதுதான் பாதித் தொழில்னு சொல்வான்."

ஒரு தரம் எதிரில் இருந்தவர் பணத்துக்குப் பதிலாக வைக்கிற தன் வில்லைகள் அத்தனையையும் நடுவில் தள்ளினார். தம்பி வெகுநேரம் யோசித்தான். பிறகு கார்டைக் கவிழ்த்துத் தள்ளிவிட்டான்.

இடைவேளையில் மூவரும் சாப்பிட உட்கார்ந்தோம். "கையில என்ன வச்சிருந்தனீர்?" என்றார் அவர்.

"ரெண்டு ராஜா அங்கிள். அவர்கிட்ட அதைவிடப் பெரிசா ரெண்டு ஏஸ் இருக்கும்னு தோணுச்சு."

"இருந்ததோ?"

"தெரியாது. அவர் காட்டல."

"தெரியாமலே சோறு இறங்குதே உமக்கு? கடதாசியில முந்நூற்றி நாலு விளையாடுற எங்கட கூட்டத்தில இப்பிடி ஒருத்தரும் விடமாட்டினம். ஆட்டம் முடிய அடிபாடுதான்." பிறகு குரலைத் தணித்தார். "நட்டப்பட்ட மாசமும் இருக்குமே?"

தம்பி மறைக்கவில்லை. "போன வருஷம் மூணு மாசம். வீட்டுச் செலவுக்கு ஒரு வருஷப் பணம் தனியா வச்சிருக்கேன். அதை மேசைக்குக் கொண்டு வரமாட்டேன்."

அவர் தலையை ஆட்டினார்.

பார்க்கப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள்: இருபது வயது ஆகியிருக்க வேண்டும், பாஸ்போர்ட் எடுத்துப்போங்கள். உள்ளே குளிரும், ஸ்வெட்டர் அவசியம். மேசை அருகே போனை எடுக்காதீர்கள். சைவச் சாப்பாட்டுக்கு அங்கே வழி தேடாமல் கட்டுச்சோறு கட்டிப்போய் வெளியே உட்கார்ந்து சாப்பிடுவது உத்தமம். நாங்கள் அப்படித்தான் செய்தோம். இதைப் பார்த்துவிட்டு நீங்களும் ஆட உட்கார வேண்டாம். இத்தனை பொறுமை எனக்கே கிடையாது.

காருக்குத் திரும்பியதும் அண்ணா மனைவிக்குப் போன் போட்டார். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஓம், பாத்தனான். ஐயரிட்ட நாள் கேளும்" என்றார். அந்தப் பக்கம் ஏதோ கேட்டிருக்க வேண்டும். "இல்லையப்பா, சனி, ஞாயிறு வேண்டாம். மாப்பிள்ளைக்கு அண்டைக்குத்தானே வேலை."