அம்மாவின் பேச்சை உறுமியவன்

மருத்துவர் என் தொண்டைக்குள் கருவியை விட்டுப் பார்த்தார். குரல் நாண்களில் முடிச்சு விழுந்திருக்கிறது, இனி வெகு காலத்துக்கு உறுமக் கூடாது என்றார். பாட்டை மிருகம்போல் உறுமிப் பாடும் மெட்டல் இசைக்குழு ஒன்றின் பாடகன் நான். பகலில் கணினி நிறுவனம் ஒன்றில் சம்பளம் வாங்கினாலும், எனக்கு உருப்படியாகத் தெரிந்தது அந்த உறுமல் ஒன்றுதான்.

ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் படித்தபோது சேர்ந்த நால்வர் நாங்கள். மற்ற மூவரும் வங்காளிகள். கிடர்பூரில் டயர் கிடங்கு ஒன்றின் பின்னால் அறை எடுத்துப் பயிற்சி செய்வோம். லாரிகளின் இரைச்சலுக்கு நடுவே எங்களைக் குறை சொல்ல யாருமில்லை. என்னைக் கழற்றிவிட்டு வேறு பாடகனைத் தேடுவார்கள் என்று நினைத்தேன். அவர்களோ எனக்காக மொத்தக் குழுவையும் மாற்றினார்கள். கிதார்க்காரன் மின்கிதாரை உறையில் போட்டுவிட்டு மரக்கிதாரை எடுத்தான். டிரம்ஸ் வாசிப்பவன் தன் டிரம்ஸை மூட்டை கட்டிவிட்டு ஒரு மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்து கையால் தட்டினான். பழைய பாட்டுகளையே மெல்லிய குரலில் பாடி ஓர் ஆல்பம் போடுவது என்று முடிவாயிற்று. வெளியே ‘புதிய பாதை’ என்று அறிவித்தார்கள். என் தொண்டையைப் பற்றி ஒருவனும் மூச்சு விடவில்லை.

அந்தப் பெருந்தன்மை எனக்குக் கூச்சமாக இருந்தது. அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது. மெல்லப் பாடினால் வார்த்தை கேட்கும்.

அப்பா துறைமுகத்தில் வேலை கிடைத்துத் திருநெல்வேலியிலிருந்து இந்த ஊருக்கு வந்தவர். நான் இங்கே பிறந்தவன். பள்ளியில் ஆங்கிலம், தெருவில் வங்காளம். குழு தொடங்கிய புதிதில், உன் மொழியில் பாடு, இந்த ஊரில் வேறு எந்தக் குழுவிடமும் அது இல்லை என்றான் டிரம்ஸ்காரன். தமிழில் பாட்டெழுத எனக்கு வராது. என்னிடம் இருந்த தமிழெல்லாம் டாக்குரியாவில் இருக்கும் எங்கள் வீட்டில் அம்மா என்னிடம் பேசியதுதான். அதையே எடுத்து உறுமினேன். சோறு ஆறிப்போச்சு. விளக்க அணச்சிட்டுப் படு. எப்பத்தான் திருந்தப் போற. உறுமலில் தமிழனுக்கே அது புரியாது. அர்த்தம் கேட்டவர்களிடம் ஒரு நகரம் அழிவதைப் பற்றிய பாட்டு என்று சொல்லிவைத்தேன்.

நிகழ்ச்சிகளில் முன்வரிசைப் பையன்கள் முஷ்டியை உயர்த்தி, வகரம் வராத வங்காள நாக்கில் ‘பிலக்க அணச்சிட்டுப் படு’ என்று திருப்பிக் கத்துவார்கள். பேஸ் கிதார் வாசிப்பவன் ஒருபடி மேலே போனான். என்னிடம் எழுதி வாங்கி, முன்கையில் ‘சோறு ஆறிப்போச்சு’ என்று முள் முள்ளான எழுத்தில் பச்சை குத்திக்கொண்டான். உண்மையான அர்த்தத்தை அன்றே சொல்லியிருக்கலாம். அவன் கையை ஊதி ஊதிக் காட்டிய சந்தோஷத்தைப் பார்த்ததும் சொல்ல மனம் வரவில்லை.

ஆல்பத்துக்கு வயலின் வாசிக்க, பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்யும் மதுரைப் பெண் ஒருத்தியைக் கிதார்க்காரன் கூட்டிவந்தான். அவள் தமிழ் என்பது ஸ்டூடியோவில் அவள் வாய் திறந்தபோதுதான் எனக்குத் தெரியும். தப்பிக்க வழியில்லாமல் பாடினேன். இரண்டாவது வரியில் அவள் வில் நின்றுவிட்டது.

“அண்ணா, இது எங்கம்மா பேசுற மாதிரியே இருக்கே. நெசமாவே இதுதான் பாட்டா?”

அவள் கேலி செய்யவில்லை. அவளுக்குப் பிடித்திருந்தது. என்ன சொல்கிறாள் என்று மற்றவர்கள் கேட்டார்கள். இவர்களுக்கும் தெரியும் என்ற எண்ணத்தில் வரிக்கு வரி ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு போனாள். நான் ஒலிவாங்கியின் திருகைத் திருகிக்கொண்டிருந்தேன். டிரம்ஸ்காரன் சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினான். பேஸ்காரன் தன் கையை நீட்டி, “அப்ப இது?” என்று அவளிடம் வங்காளத்தில் கேட்டான்.

அவள் அதைப் படித்தாள். என் முகத்தைப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்திருக்க வேண்டும். தணிந்த குரலில் சொன்னாள். “பாத்” என்று அவன் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டான். வங்காளத்தில் சோற்றுக்கு அதுதான் சொல். என்னைத் திட்டவில்லை. சட்டைக் கையை மணிக்கட்டுவரை இறக்கிப் பொத்தான் போட்டுக்கொண்டு, அடுத்த பாட்டுக்குச் சுருதி சேர்த்தான். நல்ல புழுக்கமான மதியம் அது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வேறு வரிகள் எழுதலாமென்று நானே சொன்னேன். எழுத யார் இருக்கிறார்கள் என்றான் கிதார்க்காரன். அவன் சொன்ன தொனியில், இனி உன் சொல்லை நம்புவதற்கில்லை என்பதும் இருந்தது. அந்த வரிகளையே பாடினோம். என் லகரத்தையும் ளகரத்தையும் மதுரைப் பெண் பொறுமையாகத் திருத்தினாள். உறுமலில் அந்தக் குறையும் இத்தனை நாள் தெரியாமல் போயிருந்தது.

ஆல்பம் இணையத்தில் வந்தது. பழைய ரசிகர்கள் தாலாட்டுக் குழு என்று திட்டினார்கள். அதுகூட அவ்வளவு உறைக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, காதில் என் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டார். அதுவரை அவர் என் பாட்டை முழுதாகக் கேட்டதில்லை. நான் சித்தி முறையில் காக்கிமா என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு அம்மாளிடம் என் மகன் இங்கிலீஷில் பாடுகிறான் என்றுதான் சொல்லிவந்தார். நான் அடுக்களை வாசலில் நின்றேன். முதலில் தலையை ஆட்டி ரசித்தார். பிறகு தலை ஆடுவது நின்றது. பாட்டு முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

“இது நான் பேசுததுல்லா?”

ஆமாம் என்றேன்.

“இதையா எய்யா இத்தன வருசமா அந்தக் கத்துக் கத்துன?”

பழைய காணொளிகளை அவர் பார்த்திருக்கிறார். நான் தலையைச் சுழற்றி, கழுத்து நரம்பு புடைக்க நிற்பதைப் பார்த்து, தொண்டை என்னத்துக்கு ஆகும் என்று மட்டும் கவலைப்பட்டவர். அந்த வாய்க்குள் இருந்தது தன்னுடைய பேச்சு என்று அவருக்கு இப்போதுதான் தெரிகிறது.

“அவ்வளவு கோவமாய்யா எம்மேல?”

கோபமில்லை, எனக்கு வேறு தமிழ் தெரியாது, அதனால்தான் என்று சொன்னேன். உண்மையைத்தான் சொன்னேன். அது அவரைத் தேற்றும் என்று நினைத்தேன். அவர் மேஜை விரிப்பின் ஓரத்தை நீவிவிட்டார்.

“சாப்பிடு, படு, வெளக்க அணைன்னுதான் ஒங்கிட்டப் பேசியிருக்கேன் போல. வேற ஒண்ணும் நான் பேசல.”

அப்படியில்லை என்று மறுக்க, அவர் என்னிடம் பேசிய வேறு ஒரு வாக்கியத்தை எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. தேடினேன். எத்தனையோ பேசியிருப்பார். ஒன்றும் அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. நான் தேடுவதை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து உலையைப் பார்க்கப் போனார்.

அதற்குப் பின் அம்மா என்னிடம் பேசுவது மாறிவிட்டது. கோபித்துக்கொள்ளவில்லை. ஏதோ சொல்ல வருவார், நிறுத்தி, அந்த வார்த்தையை மனதுக்குள் ஒருமுறை பார்த்துவிட்டு வேறொன்றை எடுப்பார். ஆபீஸ் எப்படி இருந்தது, ரயிலில் கூட்டமா என்று வரவேற்பறை விருந்தாளியைக் கேட்பதுபோலக் கேட்கிறார். நான் பாதி வங்காளம் கலந்து பதில் சொல்கிறேன். முன்பெல்லாம் திருத்துவார், இப்போது திருத்துவதில்லை. அப்பா இதையெல்லாம் கவனிப்பதில்லை. நானும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்க்காமல், பேச ஏதாவது இருக்கிறதா என்று தேடிக்கொண்டே சாப்பிட்டு முடிக்கிறோம்.